இரண்டு படகுகள்

"நீயும் வந்திருந்தியா, கங்கா?" என்று அம்சவள்ளி ஒருமுறை என்னைக் கேட்டாள்.

அவள் கையில் ஒரு புகைப்படம் இருந்தது. முந்தின வருடம் எல்லாரும் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனபோது எடுத்தது. படத்தின் ஓரத்தில் பாதி முகமும் ஒரு கையும் தெரிந்தன. அது நான்தான். அன்று முழுவதும் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்திருந்தேன். ஆமாம் என்றேன். "அட, மறந்தே போச்சுலா" என்று சிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பத்தாங் காலிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் நாங்கள் வளர்ந்தோம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்டால் எனக்கு வாய் திறக்காது. அம்சாதான் எழுந்து, டீச்சர், அவளுக்குத் தொண்டை வலி என்பாள். ஆறு வருடமும் எனக்குத் தொண்டை வலிதான். இடைநிலைப் பள்ளியில் எங்களை வேறு வேறு வகுப்பில் போட்டார்கள். எனக்காகப் பேச ஆளில்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டேன். அவள் படித்து முடித்து ராவாங்கில் எலெக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். நான் அவளுடைய அம்மா இராஜம்மா அத்தையோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனேன். அத்தை எனக்குச் சொந்தமில்லை. கூப்பிட்டுப் பழகிய முறை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கடைசியில் ஃபேக்டரிக்கு விடுமுறை விட்டதும் கோலசிலாங்கூர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். பெண்களெல்லாம் கார்த்திகேசு அண்ணன் ஓட்டும் ஃபேக்டரி வேனில். செரண்டாவிலிருந்து சேதுவும் அவன் நண்பர்களும் இரவல் வாங்கிய டட்சன் காரில். சேது லோரி ஓட்டுகிறவன். அம்சாவுக்கும் அவனுக்கும் பழக்கம் உண்டு என்பது வேனில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

பத்து ஆராங் தாண்டும்போது அம்சா வேனுக்குள் திரும்பி உட்கார்ந்து ஒரு செய்தி சொன்னாள். தை மாதம் சேது வீட்டிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள், கல்யாணம் முடிந்ததும் ஜொகூருக்குக் குடிபோகிறார்கள் என்று. புஷ்பவள்ளி, அவளோடு ஒரே வரிசையில் வேலை செய்கிறவள், கையைத் தட்டி, "அப்ப எங்களுக்கு டிரீட் எங்கடி?" என்றாள். நான் கடைசி இருக்கையில் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களோடு சேர்ந்து எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பானை கவிழாமல் பார்த்துக்கொண்டேன்.

மெலாவாத்தி குன்றில் குரங்குகளுக்குக் கடலை போட்டார்கள். பீரங்கியின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கேமராவை அம்சா என்னிடம் கொடுத்தாள். "நீயே எடு கங்கா, உனக்குத்தான் கை ஆடாது" என்றாள். உண்மைதான். என் கை ஆடாது.

பிறகு ஆற்றைத் தாண்டி பாசிர் பெனாம்பாங் என்ற மீனவர் கிராமத்துக்குப் போனோம். நீர் வற்றும் நேரத்தில் கடலுக்குள் ஒரு மணல்திட்டு தலை தூக்கும், அங்கே சிப்பி பொறுக்கலாம் என்று சேது சொன்னான். இரண்டு சீனர்களிடம் இரண்டு படகுகள் பேசினார்கள். மற்றவர்கள் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் இளையவரான படகுக்காரரிடம், தண்ணீர் எப்போது திரும்ப ஏறும் என்று மலாயில் கேட்டேன். இருட்டுவதற்குள் அந்த இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும் என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே.

திட்டு வெறும் மணல். ஒரு பக்கத்தில் மட்டும் பழைய மீன்பிடிப் படகு ஒன்று சாய்ந்து புதைந்து கிடந்தது. எல்லாரும் இறங்கிய இடத்தில் செருப்பைக் குவித்துவிட்டு வெறுங்காலோடு சிதறினோம். சிப்பி பொறுக்கினோம். சேது ஒரு நண்டைப் பிடித்து வந்து அம்சாவின் முகத்துக்கு நேரே காட்டினான். "ஆம்பளைங்க பிடிச்சா கடிக்காதுலா" என்றான். உடனே அது அவன் விரலைக் கவ்வியது. நானும் சிரித்தேன். அந்த நாள் எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வானம் கறுத்தபோது அம்சா என் காதருகே வந்தாள். மாதவிலக்கு நாள் முன்னதாக வந்துவிட்டது. பாவாடையில் பட்டுவிட்டது. "சேதுக்குத் தெரிஞ்சா மானமே போயிடும். யாரையும் இந்தப் பக்கம் விடாதடி" என்றாள். என் பையில் ஒரு கைலி இருந்தது. கொடுத்தேன். உடைந்த படகின் மறுபக்கம் போய்க் குந்திக்கொண்டாள். என்னைத் தவிர யாருக்கும் அவள் அங்கே இருப்பது தெரியாது. அவளுக்கு எல்லாவற்றுக்கும் எத்தனையோ பேர் இருந்தார்கள். இதற்கு நான்தான் வேண்டியிருந்தது.

சேதுவின் படகு முதலில் கிளம்பத் தயாரானது. இருட்டுமுன் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் அம்சாவைத் தேடி வந்தான். வழியிலேயே நிறுத்தி, "அவ வேன்லயே வந்துக்கிறாளாம்ணே. ஒண்ணா போனா பேசுவாங்கன்னா. நீங்க போங்க" என்றேன். அவன் எட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டான். கூச்சக்காரி பொய் சொல்வாள் என்று யாருக்கும் தோன்றாது. போய்விட்டான்.

மழை பிடித்தது. எங்கள் படகுக்காரர் கத்தினார். பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஏறினார்கள். குவியலில் கடைசியாக இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. இரண்டையும் என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அம்சா எங்கே என்று புஷ்பவள்ளி கேட்டாள்.

"சேது அண்ணன்கூட கார்ல போயிட்டா. வீட்டுல சொல்லாதீங்கன்னா" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். திருடி, என்றாள் ஒருத்தி. கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. காதலனோடு போன பெண்ணைப் பற்றி உரக்கப் பேசக்கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த மரியாதை. நல்ல தோழிகள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. மழையில் திட்டு மங்கியது. அப்போது ஒரு குரல் கேட்டது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் மற்றவர்கள் இருந்தார்கள், கடைசியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கேட்டது. அவள் சேதுவைக் கூப்பிடவில்லை. புஷ்பவள்ளியைக் கூப்பிடவில்லை. கங்கா, கங்கா என்று கூப்பிட்டாள். என் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

அவளுக்கு நீந்தத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் குழாயடியில் குளித்து வளர்ந்தவர்கள்.

லயத்துக்கு வந்ததும் இராஜம்மா அத்தை வாசலுக்கு வந்தார். புஷ்பவள்ளி வேனிலிருந்து இறங்கி, அம்சா இன்றிரவு செரண்டாவில் தன் வீட்டில் தங்கிக்கொள்கிறாள் என்று சொன்னாள். அது அவளே சொன்ன பொய். நான் அத்தையிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "பிள்ள சாப்பிட்டாளா கங்கா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். சோறு சாப்பிட்டது உண்மைதான். மகளுக்கு எடுத்து வைத்திருந்த கருவாட்டுக் குழம்பை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் சேது தேடிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீனவர்கள் அவளைக் கண்டெடுத்தபோது என் கைலியைக் கட்டியிருந்தாளாம்.

போலீசில் என்னிடம் கேட்டார்கள். துணி மாற்றக் கைலி கொடுத்தேன், வேனில் வருவதாகச் சேதுவிடம் சொல்லச் சொன்னாள், பிறகு மனம் மாறி அவன் படகை நோக்கி ஓடினாள், ஏறிவிட்டாள் என்று நினைத்தேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வாய் குழறியது. நடிக்கவில்லை, என் வாய் எப்போதும் அப்படித்தான். ஒரு போலீஸ்காரப் பெண் மைலோ வாங்கிக் கொடுத்து, போதும் என்றாள். பழி வேறு இடத்தில் விழுந்தது. விட்டுவிட்டுப் போன சேதுமேல். வீட்டில் பொய் சொன்ன புஷ்பவள்ளிமேல். சேது சிங்கப்பூருக்குப் போய்விட்டான். புஷ்பவள்ளி துக்கத்துக்கு வந்தபோது அத்தை அவள்மேல் சாணித் தண்ணீரை ஊற்றினார். நான்தான் அத்தையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

அதன் பிறகு எல்லாருக்கும் என்னைத் தெரியும். கடைசியாக அவளோடு பேசியவள் என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். நானும் பேசப் பழகிக்கொண்டேன். அத்தைக்குத் துணையாக அவர் வீட்டிலேயே சாப்பிட்டேன். எண்ணெய் வைத்துத் தலை வாரிவிட்டேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் என்னை அம்சா என்று கூப்பிட்டார். திருத்தவில்லை. ஒரு தாய்க்கு மகள் இல்லாமல் போகக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன். மூன்று வருடம் அப்படி ஓடியது.

நேற்று அத்தை எதிர்பாராமல் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் நான் அம்சாவின் செருப்பைப் போடுவது வழக்கம். நல்ல செருப்பு, வீணாகக் கிடக்க வேண்டாம் என்று. சிவப்பு வார். சுற்றுலாவுக்கு முதல் நாள் வார் அறுந்து, அத்தைதான் நீல நைலான் நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். எனக்கு அது மறந்துபோயிருந்தது.

"அவ கார்ல போனதா நினைச்சேன்னியே. அப்புறம் அவ செருப்பை ஏன்டி தூக்கிட்டு வந்தே?" என்றார்.

இங்கே எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். படகுக்காரரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டது, மழை, அவள் என்னைக் கூப்பிட்டது, எல்லாம். ஒரு இடத்தில்கூட வாய் குழறவில்லை. அவர் ஒருமுறையும் குறுக்கே பேசாமல், என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். அப்படி யாரும் நான் பேசிக் கேட்டதில்லை. அவருக்கும் மனம் லேசாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"காப்பி ஆறுது அத்தை" என்றேன்.

அத்தை குனிந்தார். என் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் முந்தானையில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.