சோறு மறக்கடித்தது

என் ரெண்டு பிள்ளைகளுக்கும் வேப்பிலை அரைத்துத் தடவித்தான் பால் மறக்கடித்தேன். வாய் வைத்ததும் முகத்தைச் சுளிக்கும். நாலு நாளில் தானாக விலகிவிடும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் அய்யா, யாரும் குற்றம் சொன்னதில்லை.

மாமா ஒச்சாண்டி, என் வீட்டுக்காரரைப் பெத்தவுக, கைகால் விளங்காமல் படுத்துவிட்டாக. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. நான் விடிய ஊட்டிவிட்டு, கம்பத்தில் ஜீப் ஏறி, மலை மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவேன். பொழுது சாய வந்து அள்ள வேண்டும். பாயோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். நகக்கண்ணில் ஏறினது சோப்புக்குப் போகாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்தால் எனக்குக் குமட்டும்.

முதலில் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமிதான், "வேப்பங்கொழுந்து துளி நாக்குல வையி மதினி, பசி எடுக்கும்" என்றாள். வைத்தேன். எடுத்துவிட்டது. "ஆத்தா, இன்னொரு கரண்டி போடாத்தா" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாக. சாப்பிட்டதெல்லாம் என் கைக்குத்தானே வரும்.

துளிக் கசப்பு பசியைக் கிளப்பும். கூடிப்போனால் குடலைப் புரட்டும். அதனால் முற்றின இலையாகப் பறித்து, விழுதாக அரைத்து, கரண்டி நெடுகத் தடவி ஊட்டினேன். ஓங்கரித்தாக.

"என்னத்தா இம்புட்டுக் கசக்குது?"

"நோய்ப்பட்ட வாய் மாமா. எல்லாம் கசக்கத்தான் செய்யும்."

நம்பினாக. கொஞ்ச நாளில் வெறும் கரண்டியைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டாக. அப்புறம் வேப்பிலையே தேவைப்படவில்லை. விலா எலும்பு தெரிந்தது. பாய் சுத்தமாக இருந்தது.

வடுகபட்டியிலிருந்து நாத்தனார் பவானி அப்பனைப் பார்க்க வந்தாள். பால்சோறு ஊட்டிப் பார்த்தாள், ஒரு வாய் வாங்கவில்லை. சந்தேகப்பட்டு அடுக்களையில் துழாவி, அம்மிப் பள்ளத்தில் பழைய விழுது பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்ததைத் தொட்டு நக்கினாள். துப்பினாள்.

"இதையாடி எங்கய்யாவுக்கு ஊட்டுனே? உனக்குச் சோறு இறங்குச்சா?"

இறங்கியது அய்யா. ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறார இறங்கியது.

அவள் கையால் கொடுத்த தண்ணியையும் மாமா வாங்கவில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தாக.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன். பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுத வேண்டாம். காலையும் மாலையும் தவறாமல் சோறு கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டது அவுகதான்.