பார்க்கில நாய்களுக்கொரு மூலை

இல்லைப் பிள்ளை, இந்தச் சம்மதப் பேப்பரில கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நான் சொல்லயில்லை. வாசிச்சுப் பாத்திட்டு வைக்கிறன் எண்டுதான் சொன்னனான். முப்பத்தாறு வருசம் அரசாங்கக் கந்தோரில குந்தியிருந்த மனுசன், வாசிக்காத பேப்பரில பேனை வைச்சதில்லை. இருங்கோ, இந்த வாங்கில இருங்கோ. அங்கால இல்லை, அதில காகம் எச்சம் போட்டிருக்கு. இஞ்சால.

பேர் என்னெண்டனீங்கள்? செலீன். கொட்டாஞ்சேனையோ? அங்கயிருந்து பஸ் ஏறி, பாமன்கடையில நாய்களுக்கு விளையாட்டிடம் அமைக்க வந்திருக்கிறியள். நல்லது. ஆரோ செய்யத்தானே வேணும். மனுசருக்கு வேண்டியதெல்லாம் கட்டி முடிச்சாச்சு, இனி நாய்தானே மிச்சம்.

சரி, பிளானை விரியுங்கோ பாப்பம். உதென்ன, உருண்டையா? குழாயோ! நாய் இந்தப் பக்கத்தால பூந்து அந்தப் பக்கத்தால வரும். அருமை. எங்கட லேனில எல்லா நாயும் காருக்குக் கீழால சும்மாவே பூந்து வருகுதுகள், இவ்வளவு நாளும் அதுகளுக்கு ஆரும் கைதட்டயில்லை. இது தாண்டுற தடி. இது ஏறி இறங்கிற பலகை. இது வரிசையா ஆறு கம்பு, அதுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு ஓடவேணும். ஏன் பிள்ளை, நேரா ஓடினா என்ன குறை? ஓ, மூளைக்கும் பயிற்சியோ. அப்ப எங்கட ஃபிளாட்ஸில இருந்து கொஞ்சப் பேரை அனுப்பி விடுறன், அவையையும் சேத்துக்கொள்ளுங்கோ.

கோவிக்காதேங்கோ. என்ர வாய் இப்பிடித்தான்.

ஓம், அந்தக் கடிதம் நான்தான் எழுதினது. கீழ பேர் போட்டிருக்கெல்லே, செயலாளர் முத்துலிங்கம் எண்டு. ஒரு வேலையும் செய்யாத ஃபிளாட்ஸ் சங்கத்துக்கு ஒன்பது வருசமா நான்தான் செயலாளர். லிஃப்ட் நிண்டாக் கடிதம், தண்ணி நிண்டாக் கடிதம், பக்கத்து ஹோலில கலியாணப் பாட்டுச் சத்தம் கூடினாக் கடிதம். ஒண்டுக்கும் பதில் வந்த சரித்திரமில்லை. அந்தத் துணிவிலதானே உங்களுக்கும் மூண்டு பக்கத்துக்கு எழுதினனான்! ஒருத்தரும் வாசிக்கமாட்டினம் எண்டு நம்பி, தெரிஞ்ச இங்கிலீசையெல்லாம் கொட்டி. நாய் குலைச்சா வயசுபோனவைக்கு நெஞ்சுவலி வரும், பிள்ளையளின்ர சோதனை கெட்டுப்போகும். என்ன பிள்ளையள்? எங்கட ஃபிளாட்ஸில சோதனை எடுக்கிற பிள்ளை ஒண்டுமில்லை, எல்லாம் கனடாவில.

இருபத்திரண்டு கையெழுத்து. வீடு வீடா ஏறி இறங்கி வாங்கினனான். மூண்டாம் மாடி மஹ்ரூப் ஹாஜியார் தங்கமான மனுசன். தொழுகைக்குப் போகேக்க உடுப்பில நாய் படாமல் இருந்தாப் போதும் எண்டுதான் அவர் சொன்னது. அந்த ஒரு வரியை நான்தான் அரைப் பக்கத்துக்கு இழுத்தனான். தனஞ்சயன்ர மனிசிக்கு நாயெண்டா உயிர், அவவும் வைச்சிட்டா. வாசிக்கயில்லை, தண்ணி பில் விசயம் எண்டு நினைச்சிட்டா. நானும் திருத்தயில்லை.

அதைப் படிச்சுப் பாத்து, மதிப்புக் குடுத்து, பிளானையே மாத்திக்கொண்டு வந்து நிக்கிறியள். என்ர சீவியத்தில இது முதல் தரம். ஃபிளாட்ஸுக்குக் கிட்ட இருந்ததைத் தூக்கி, அந்தா, வாய்க்கால் கரை மூலையில போட்டிருக்கிறியள். சுத்திவர வேலி, வேலிக்கு அங்கால மரம். ஒரு சத்தம் கேக்காது, ஒரு வால் தெரியாது. கேட்டதெல்லாம் செய்து தந்திட்டியள், குறை சொல்ல ஒண்டுமில்லை.

ஆனா அங்க சரிவராது பிள்ளை.

ஏனெண்டா... ஈர நிலம். மழை பெய்தாத் தண்ணி நிக்கும், நாய்க்குச் சளி பிடிக்கும். சிரிக்காதேங்கோ. வாய்க்காலுக்குள்ளயிருந்து கபரகொய்யா வேற ஏறி வரும், உடும்பு மாதிரி, ஒரு ஆள் நீளத்தில. உங்கட குழாய்க்குள்ள நாய் பூந்தா, மற்றப் பக்கத்தால ஆர் வருவினம் எண்டு சொல்லேலாது.

பழைய இடமே நல்லம். ஓம், எங்கட ஃபிளாட்ஸுக்கு நேர கீழ. ஓம் பிள்ளை, நான்தான் வேண்டாமெண்டு எழுதினனான், எனக்கு விசரில்லை, ஞாபகம் இருக்கு. ஹாஜியாருக்காக வாசலை மட்டும் றோட்டுப் பக்கம் இல்லாமல் உள்பக்கமா வையுங்கோ. அவரிட்டக் காலமையே கேட்டிட்டன், தனக்குப் பூரண சம்மதமாம். மற்றவையை நான் பாக்கிறன். திரும்ப ஒவ்வொரு கதவாத் தட்டுறன். நாய் குலைக்கிறது நெஞ்சுக்கு நல்லம் எண்டு இன்னொரு மூண்டு பக்கம் எழுதுறன். எழுத்துத்தானே.

ஆர் என்ர மனதை மாத்தினதோ? உங்கட நாய்தான். போன ஞாயிறு இதில தடியைக் குறுக்கால கட்டி, ஒரு மண்ணிற நாயைப் பாயவிட்டுப் பாத்தனீங்களெல்லே? அது பாயயில்லை. ஒவ்வொருக்காவும் பெரிய வீரன் மாதிரி ஓடிவரும், கிட்ட வந்தோண்ண நிண்டு யோசிக்கும், பேந்து கீழால பூந்து போகும். நீங்கள் கத்துறியள், அது வாலாட்டுது. இன்னொரு கடிதத்துக்கு உதவும் எண்டு நான் பல்கனியில நிண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தன்.

உள்ளுக்குள்ள என்ர மனிசி. பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்து எட்டு மாசமாகுது. ஒருத்தருக்கும் சொல்லயில்லை. லண்டனில மகளிட்ட நிக்கிறா எண்டுதான் முழு ஃபிளாட்ஸும் நினைச்சுக்கொண்டிருக்கு. சனம் வந்து நிண்டு உச்சுக்கொட்டும் எண்டு அவவுக்கு வெக்கம். எனக்கும்தான், பொய் சொல்லக்கூடாது. அவவுக்குக் கைகால் பயிற்சி குடுக்க வாற பெட்டை என்ர முழங்காலுக்கு வாறா எண்டு சொல்லிவைச்சிருக்கிறன். எழும்பி நிக்கச் சொல்லி அந்தப் பிள்ளை கெஞ்சிப் பாத்திட்டுது, இவ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திடுவா. நான் அழுதுகூடப் பாத்தனான்.

அண்டைக்குப் பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா, கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. தானா எழும்பி வந்து. உங்கட நாயைப் பாத்துச் சிரிக்கிறா, அந்தக் கோணின வாயால. பாவம், விடச் சொல்லுங்கோ எண்டா.

அந்த வாய்க்கால் மூலை எங்கட பல்கனிக்குத் தெரியாது பிள்ளை. பிளானை இஞ்சால மாத்திக் கீறிக்கொண்டு வாங்கோ, உடன கையெழுத்து வைக்கிறன். சனம் நிமிந்து பாத்தா, லண்டனால வந்திட்டா எண்டு சொல்லிக்கொள்ளுறன். வாற ஞாயிறும் வருவீங்கள்தானே? பத்து மணிக்குப் பிறகு எண்டா நல்லம், முகம் கழுவி உடுப்பு மாத்த எங்களுக்கு அவ்வளவு நேரம் எடுக்கும். பல்கனியில கதிரை போடட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமாம், நிண்டுதான் பாக்கப்போறாவாம்.