அரைக் கட்டை

ஐயா, வாக்குமூலம் எழுதுவதற்கு முன் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா? தொண்டையைக் கவனிக்காமல் பேச உட்காருவது எனக்குப் பிடிக்காது. இதைத் தங்கையிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

எங்கள் நாடகக் குழுவில் அவள் பாடி நடிப்பாள். மேடைக்குக் கீழே நான் கீபோர்டு. அதில் ஒரு பொத்தான் உண்டு. விரல் அதே இடத்தில் இருக்கும், சுருதி மட்டும் ஏறும், இறங்கும். அவளுக்கு ஐந்து கட்டை சுருதி, அதற்குமேல் அரைக் கட்டை ஏறினாலும் தொண்டை இழுபடும். அப்பா போன பிறகு அவளை மேடையேற்றியவன் நான், அதனால் சுருதி விஷயத்தில் தன் காதைவிட என் வாயைத்தான் நம்புவாள்.

அப்போதுதான் சினிமா வாய்ப்பு வந்தது. சொந்தக் குரலில் பாடி நடிக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"அண்ணா, அங்க வாசிக்க அவங்க ஆளே இருக்காங்களாம். நீ பாவம், இனிமேலாவது ஓய்வெடு."

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. கறிவேப்பிலையைக்கூடக் குழம்பு கொதித்த பிறகுதானே ஒதுக்குவார்கள்?

அந்த வாரமே அவளுக்குத் தொண்டை கட்டியது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, குரல் நாணில் வீக்கம், பாடினால் குரலே போய்விடும் என்றார். வெளியே வந்து, "வெறும் சளிதான்மா, வெந்நீர் குடி" என்றேன்.

"அப்ப இன்னைக்கு அரைக் கட்டை இறக்கிக்கலாமா அண்ணா?"

"இறக்கியாச்சு. நீ பாடு."

அரைக் கட்டை ஏற்றியிருந்தேன். அடுத்த நாடகத்தில் இன்னொரு அரை. அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை, தன் தொண்டையைத்தான் திட்டினாள். "இறக்கியும் எட்ட மாட்டேங்குதே, சாதகம் போதல போல" என்று வீட்டிலும் கத்திக் கத்திப் பாடினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. தேன் குழைத்துக் கொடுத்தேன்.

கடைசி நாடகத்தில் உச்சஸ்தாயியில் குரல் கிழிந்தது. கைக்குட்டையில் ரத்தம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பேச வாயைத் திறந்தாலும் வெறும் காற்றுதான் வருகிறது. படத்தில் அவள் முகத்தை வைத்துக்கொண்டு வேறொருத்தி குரலைச் சேர்த்தார்கள். தியேட்டரில் படம் முடியும்வரை கழுத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மனிதர்களா அவர்கள்? எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளர் எங்கள் நாடகப் பதிவுகளைப் போட்டுக் கேட்டு, சுருதி ஏறிக்கொண்டே போவதைக் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். ஆமாம், ஏற்றியது நான்தான், தெரிந்தேதான். அவளை வேறு யார் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள்?

விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். ஓய்வு வேண்டுமல்லவா? தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவேன். என்மேல் அவளுக்குத் துளியும் கோபமில்லை ஐயா. சந்தேகமிருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டாள்.