சாயாத ஆறாம் பெட்டி

பெயர்: காரெட் ஆஸ்டர்ஹவுஸ். வயது: 57. தொழில்: ரயில் கண்டக்டர். இருப்பிடம்: வாஷிங்டன் மாநிலம், மேரிஸ்வில். மவுண்ட் வெர்னன் காவல் நிலையத்தில் அதிகாரி இமோஜென் ரீஸ் முன் தாமாக வந்து சொன்னது.

நான் மேற்படி ஊரில் மனைவியுடன் வசித்து வருகிறேன். வான்கூவருக்கும் சியாட்டிலுக்கும் இடையே ஓடும் சாயும் ரயிலில் கண்டக்டராக இருக்கிறேன். வளைவு வந்தால் எங்கள் பெட்டிகள் உள்பக்கம் சாய்ந்துகொடுக்கும். அதனால் வண்டி வேகமாகத் திரும்பினாலும் உள்ளே நடப்பவருக்குத் தரை சமமாகவே தெரியும். இதை வைத்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குடித்திருக்கிறார் என்று யார்மீதாவது சந்தேகம் வந்தால், பெல்லிங்ஹாம் தாண்டிக் கடலோர வளைவுகளில் அவரை நடக்கவிட்டுப் பார்ப்போம். தள்ளாடினால் அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவோம். இது எந்த விதியிலும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

இன்று காலை வான்கூவரில் புறப்படும் முன், ஆறாம் பெட்டியில் சாயும் அமைப்பு பழுதாகி அதைப் பூட்டிவைத்திருப்பதாகவும், அதனால் வளைவுகளில் வண்டி மெதுவாகப் போனாலும் அந்தப் பெட்டியில் நடப்பவரைத் தள்ளும் என்றும் பராமரிப்பு ஊழியர் என்னிடம் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகு அதை மறந்தே போனேன்.

பெல்லிங்ஹாமில் ரெனே டாலஃப்சன் என்ற பெண் ஏறினார். வாரந்தோறும் இதே வண்டியில் எவரெட்டுக்குப் போய்வருகிறவர். முகம் பழக்கம், பெயர் இன்றுதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. வண்டி கடலோரம் திரும்பும்போது அவர் காபிக் கோப்பையோடு ஆறாம் பெட்டியில் எதையும் பிடிக்காமல் நடந்து வந்து, தள்ளாடி, காபியைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். உடனே ஒரு பயணி, "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சு போல!" என்றார். நானும் விடாமல், "மேடம், காபியில என்ன கலந்தீங்க?" என்று கேட்டேன். பெட்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கு அவர் மெல்லிய குரலில், "சார், நான் குடிய விட்டு மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்கு எவரெட் கோர்ட்டுல என் பொண்ண என்கிட்ட குடுக்கலாமான்னு விசாரணை. ராத்திரி தூக்கம் வரல, அவ்வளவுதான்" என்றார். நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்ப பயம் எதுக்கு? அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றேன். அவர் கோப்பையை ஒரு இருக்கையில் வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அடுத்த வளைவில் அவர் நிலைதவறி என்மேல் சாய்ந்து என் கோட்டைப் பிடித்துக்கொண்டார். என் தொப்பி கழன்று இருக்கைக்கு அடியில் உருண்டது. அதே பயணி, "அட, கண்டக்டரும் ரெண்டு போட்டிருக்காருப்பா!" என்றார். இந்த முறை சிரிப்பு என்மேல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு போலீசைக் கூப்பிட்டு, குடிபோதையில் ஒரு பெண் என்னைப் பிடித்துத் தள்ளியதாகச் சொன்னேன். அவர் தள்ளவில்லை. விழாமல் இருக்கத்தான் பிடித்தார்.

மவுண்ட் வெர்னனில் காவலர்கள் அவரை இறக்கினார்கள். "சார், நான் தள்ளலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்" என்று கேட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். வண்டி நகரும்போது அவர் காகிதக் கைக்குட்டையால் சட்டைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சிற்றுண்டிப் பெட்டியில் வேலை செய்யும் லோர்னா என்னிடம் வந்து, "காரெட், ஆறாம் பெட்டி இன்னைக்குச் சாயாதுன்னு காலையில உன்கிட்டதானே சொன்னாங்க? என்கிட்ட காபி வாங்கிட்டுப் போன, வழக்கமா வர்றவங்கள்ல பாதிப் பேரு மேல கொட்டிக்கிட்டாங்க. அத்தனை பேரையும் இறக்கிவிட வேண்டியதுதானே!" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதியவர்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். தரையை நம்பிக் கைவீசி நடப்பவர்கள் எங்கள் வண்டிக்குப் பழகியவர்கள். நான் அவளிடம், "போய் வேலையப் பாரு" என்றேன்.

எவரெட்டில் ஒரு வழக்கறிஞர் நடைமேடைக்கே வந்து நின்றிருந்தார். "ரெனே டாலஃப்சன் வரலையா?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது.

சியாட்டிலில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தேன். ரெனே டாலஃப்சன் மூச்சில் மதுவே இல்லை என்றும், என்னைத் தாக்கியதாக உள்ள புகாருக்காக இன்னும் உள்ளே இருக்கிறார் என்றும், விசாரணை தள்ளிப்போய்விட்டது என்றும், குடித்துவிட்டு ரயிலில் ரகளை செய்தார் என்று எதிர்த்தரப்பு நீதிபதியிடம் சொல்லிவிட்டது என்றும் அதிகாரி ரீஸ் மூலம் அறிந்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். இதன் நகல் இன்றே அவருடைய வழக்கறிஞருக்கும் அந்த நீதிபதிக்கும் போக வேண்டும். கூப்பிட்டால் அந்தக் கோர்ட்டில் நின்று இதையே சொல்வேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததும் இதுதான். ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று, சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த வளைவில் நானும் தள்ளாடினேன். இருக்கையின் முதுகைப் பிடித்ததால்தான் விழவில்லை. நானும் குடித்திருக்கவில்லை. என்னை யாரும் நடந்து காட்டச் சொல்லவில்லை.

(ஒப்பம்) காரெட் ஆஸ்டர்ஹவுஸ்