வெயில் எங்கள் பங்கு

"எங்க ஆராய்ச்சிக்கு ஜெர்மன்காரங்க மெஷின் குடுக்கிறாங்க, ஜப்பான்காரங்க ரசாயனம் குடுக்கிறாங்க. நாங்க வெயில் குடுக்கிறோம்கா."

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண் தன் அக்காவிடம் சொன்னாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வெயில வச்சு என்ன செய்வீங்க?"

"கரியமில வாயுவ, காடி ஓட ஊத்துற பெட்ரோல் மாதிரி எண்ணெயா மாத்தணும். ஆனா அவங்க வந்த நாள்லருந்து மழைதான் லா. இந்த வாரமும் வெயில் இல்லைன்னா மெஷின வேற நாட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"மழை நிக்க மிளகாயும் வெங்காயமும் குச்சியில குத்தி வைக்கலையா? கல்யாணத்துக்கெல்லாம் வைக்கிறோமே."

"எங்க ஆய்வுக்கூட மொட்டை மாடியில, மெஷின் பக்கத்துலயே வச்சேன். ஜெர்மன்காரர் பாத்துட்டாரு."

"கோவிச்சாரா?"

"இல்ல. மிளகா வைக்காத மாடி ஒன்னையும் கவனிக்கணும், அப்பத்தான் ஒப்பிட முடியும்னாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கட்டடத்த கவனிச்சோம்."

"அங்க?"

"நேத்து அங்க மட்டும் வெயில்."

அக்கா ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்து மழையைப் பார்த்தாள்.

"வெங்காயம் பழசா இருந்திருக்கும்."