ஜிப்ரியின் கண்ணில் அப்பிய கிறீம்

பெயர்: ஆதம்பாவா பஹீமா. வயது: 36. தொழில்: கிறீம் தயாரிப்பு. விலாசம்: பழைய சந்தை வீதி, ஏறாவூர்.

மேலே சொல்லப்பட்ட பெயரும் விலாசமும் என்னுடையவை. நான் நான்கு வருடங்களாக ஜிப்ரி என்பவரின் அழகுப் பொருள் கடைக்கு முகக் கிறீம் செய்து கொடுத்து வந்தேன். கிறீம் கெடாமலிருக்க இரசாயனம் எதுவும் போடாமல், கொய்யா இலையையும் கராம்பையும் கிளிசரினில் ஊறவைத்து வடித்த சாற்றைச் சேர்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவைக் கெடுகிறதா என்று ஆறு கிழமை வைத்துப் பார்த்த பின்னரே விற்கக் கொடுப்பேன்.

சென்ற பெப்ரவரியில் கிறீமுக்குக் கேள்வி கூடி, நான் கொடுப்பது போதாமற் போனதும், ஜிப்ரி தானே ஆள் வைத்துச் செய்வித்து, சாற்றைப் பாதியாகக் குறைத்து, வைத்துப் பார்க்காமலே விற்றார். நான் தடுத்தேன். அதன் பின்னர் பழைய அளவுக்குக் கூட்டிவிட்டதாக அவர் சொன்னதை நம்பி, ஒரு டப்பாவை என் தங்கை றுக்ஷானாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. இரண்டாம் கிழமை அவளுடைய வலது கண் வீங்கிச் சீழ் பிடித்தது. கண் டாக்டர் டப்பாவை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதில், கிறீமில் கிருமி வளர்ந்திருந்தது தெரியவந்தது. இப்போது பிள்ளைகள் வலப்பக்கம் வந்து நின்றால் அவளுக்குத் தெரிவதில்லை.

அதன் பின்னர் நான் ஆய்வுகூட அறிக்கையுடன் ஜிப்ரியிடம் போய், டப்பாக்களைக் கடையிலிருந்து அகற்றச் சொன்னேன். அவர் அறிக்கையைக் கையில் வாங்கவில்லை. "இலைச்சாறு ஆருக்கும் ஒண்டும் செய்யா. உன்ட தங்கச்சிட கண்ணுலதான் பிழை" என்றார். நான் திரும்பி வந்து, பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை வரை, கடையில் ஆட்கள் நிறையட்டும் என்று பொறுத்திருந்தேன்.

அன்று காலை பதினொரு மணியளவில் கடைக்குள் போய், விற்பனைக்கு வைத்திருந்த டப்பாவொன்றைத் திறந்து, "ஜிப்ரி நானா, உங்கட கண்ணுக்குக் கீழ கொஞ்சம் பூசுங்க. பூசினா நான் பேசாமப் போறன்" என்றேன். அவர் பூசவில்லை. இரண்டாம் முறையும் கேட்டேன். அதன் பின்னர் யோசித்து, அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து, இரண்டு கண்ணிலும் அப்பினேன். அவர் குழாயடிக்கு ஓடி, கழுவிக்கொண்டே, "ஆட்டோ ஒண்டக் கூப்பிடுங்க, கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சத்தமிட்டார். அங்கே நின்ற பெண்கள் கையிலிருந்த டப்பாக்களை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து, பொலிஸ் வரும்வரை காத்திருந்தேன்.

அவருடைய பார்வைக்குக் குறைவு எதுவும் ஏற்படவில்லை என்று இங்கே பொலிஸ் நிலையத்தில் சொன்னார்கள்.

எழுதிய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "கோபத்தில் நிதானமிழந்து" என்றிருந்த இடத்தை "யோசித்து" என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை.

ஒப்பம்: ஆ. பஹீமா