மிதி... வுடு...

ராத்திரி மணி பதினொன்றே முக்கால். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் வரும் ரோடு... தொண்ணூற்றிரண்டாம் வருஷம், மாசி மாதம். கரும்பு லாரி போய் ரொம்ப நேரமாகிவிட்டது. அது சிந்திவிட்டுப் போன தோகையின் மேல் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி சரசரவென்று வருகிறது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய நீளப் பெட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் பிணப்பெட்டி மாதிரி இருக்கும். கிட்டத்தில் பார்த்தாலும் அப்படித்தான்.

ஓட்டி வந்தவர்... ஆர்கெஸ்ட்ராவில் கிதார்காரர். நம் பாலகிருஷ்ணனின் அக்கா வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஆகவே இது பொய்யாக இருக்க வழியில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசி ஆள் ஜன்னலைச் சாத்தட்டும்.

பெட்டியில் இருந்தது அவருடைய கிதார். மடியில் வைத்து வாசிப்பது இல்லை. மேஜை மாதிரி நாலு காலில் நிற்கும். தந்திகள் மேலே பார்த்தபடி இருக்கும், அவற்றின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்க வேண்டும். கீழே மூன்று பெடல். மிதித்தால் தந்தி இழுபட்டு ஸ்வரம் ஏறும். விட்டால் இறங்கும். சோகப் பாட்டில் ஒரு மிதி போதும்... முன்வரிசையில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும். நோட்டீஸில் கிதார்காரர் பெயரைப் பூசணிக்காய் அளவுக்குப் போடுவார்கள்.

அந்தப் பெடலைச் செய்தது வேறொருவர். பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். தையல் மிஷின் மிதிப்பலகை, சைக்கிள் பிரேக் வயர், வயர் ஓடுவதற்குச் சூளையில் சுட்டெடுத்த பீங்கான் உருளை... அவ்வளவுதான் சாமான். ஆர்கெஸ்ட்ராவில் அவரைப் 'பெடலு' என்பார்கள். "பெடலு, டீ சொல்லு." "பெடலு, அந்த ஸ்பீக்கர தூக்கு." நாலு வருஷம்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் வயர் கொஞ்சம் நீளும். நீண்டால், மிதித்தாலும் ஸ்வரம் பாதியில் நின்று முனகும். சரிசெய்ய இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே ஒருவர் மல்லாந்து படுத்து, வயர் கோடியில் இருக்கும் திருகுமறையைக் கால் சுற்று திருக வேண்டும். கால் சுற்று கூடிப்போனால் நாய் ஊளைதான். "மிதி... வுடு... மிதி..." என்று கீழேயிருந்து குரல் வரும். மற்றபடி 'மாஸ்டர்' என்று மரியாதையாகப் பேசுகிறவர்தான். அந்த இரண்டும் வேலைச் சொற்கள், அவற்றில் மரியாதைக்கு இடமில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாஸ்டர், ஒரேவாட்டி மைக்குல எம்பேர சொல்லிடுங்க. கச்சேரிக்குத்தான் போறேன்னா வூட்ல நம்ப மாட்டுறாங்க."

"அடுத்த புரோகிராம்ல சொல்லிடலாம், பெடலு."

அடுத்த புரோகிராம் பதினோரு தடவை வந்தது.

ஐப்பசி மழையில் சூளைக் கொட்டகைச் சுவர் பெடலு மேல் சரிந்தது. பிணம் எடுக்கிற அன்றைக்கு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணக் கச்சேரி. மறுநாள் போய்த் துக்கம் கேட்கலாம் என்றார்கள். மறுநாள் ரிகர்சல்.

அதற்கப்புறம் பெடல் சரியாகவில்லை. கிதார்காரர் தானே மிதித்து, தானே குனிந்து திருகிப் பார்த்தார். கை எட்டினால் கால் எட்டவில்லை. அன்றைக்குக் கருவேப்பிலங்குறிச்சியில், சோகப் பாட்டின் உச்சத்தில் பெடல் முனகியது. ஜனம் சிரித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்தில் புரோகிராம். மெட்ராஸிலிருந்து ரெக்கார்டிங் ஆள் ஒருவர் கேட்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் சினிமா. பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் கல்யாணக் கச்சேரி.

பாதி வழியில் வண்டி நின்றது.

ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டியின் பெடலை மிதித்தார். இன்ஜின் பிடிக்கவில்லை. பின்னால், பெட்டிக்குள்... தந்தி அதிர்ந்தது. பாதி ஏறி, நின்று, முனகியது.

காலை எடுத்தார். இறங்கியது.

தையல் மிஷின் எண்ணெய் வாசனை. கூடவே ஈரக் களிமண்.

கிரீக்... கால் சுற்று.

"மிதி..."

குரல் ரோட்டு மட்டத்திலிருந்து வந்தது. மல்லாந்து படுத்தவர் பேசினால் வருகிற உயரம்.

மிதித்தார். மிதிக்காமல் என்ன செய்வார்?

"வுடு..."

கிரீக்.

"மிதி..."

தந்தி ஏறியது. முழுசாக, சுத்தமாக.

"மாஸ்டர்... எம்பேரு இன்னா?"

கிதார்காரர் வாயைத் திறந்தார். "பெ..." என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாலு வருஷம் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆளின் பெயர் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு இன்ஜின் தானாகப் பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் ஃபிட்டரின் மனைவி அம்சவல்லியிடம் போய் நின்றார்.

"அக்கா, அண்ணன் பேரு..."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பேரா? என்னா சொல்லித்தான் தம்பி கூப்புட்டீங்க இத்தினி நாளா?"

அவர் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"புருசன் பேர நான் எப்பிடி வாயால சொல்லுவேன்? செத்துட்டா மட்டும் சொல்லிடலாமா? மணவாளநல்லூரு சாமி பேரு. போங்க."

அது போதும். மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர். எழுதிப் பிராது கட்டினால் விசாரிக்கிற சாமி.

ஞாயிற்றுக்கிழமை, பெண்ணாடம். மைக்கைப் பிடித்தார். 'இந்தக் கிதாரைச் செய்தவர்' என்று சொல்வதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். முன்வரிசையில் மெட்ராஸ்காரர் பேனாவைத் திறப்பது தெரிந்தது. பேனா யார் பெயரை எழுதும் என்று ஒரு கணம் யோசித்தார். ஒரு கணம்தான்.

"நமக்கு எடுபிடியா இருந்து, போன ஐப்பசியில தவறிப்போன கொளஞ்சியப்பன்... அவருக்கு இந்த நேரத்தில் நன்றி."

யாரும் கை தட்டவில்லை. எடுபிடிக்கு எதற்குத் தட்ட வேண்டும்?

மேடைக்கு அடியிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது... போய்விட்டது.

பெடல் அன்றைக்கு வேலை செய்த மாதிரி என்றைக்கும் செய்ததில்லை. ஆம்பளைகளே அழுதார்கள். மெட்ராஸ்காரர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"பிரமாதம்! அடுத்த வாரமே கிளம்பி வாங்க. உங்க பேரு?"

கிதார்காரர் சொன்னார்.

"பேரு கேட்டேங்க."

மறுபடி சொன்னார். கத்திச் சொன்னார். மெட்ராஸ்காரர் பேனாவோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பினார். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார்... சிரிப்பு நின்றது. "நம்ம... நம்ம கிதாருங்க இவரு" என்றார். நோட்டீஸை எடுத்துப் பார்த்தார்கள். அவர் பெயர் இருந்த இடத்தில் வெறும் தாள். மெட்ராஸ்காரர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். மனைவி வெண்மதி அவரைப் பேர் சொல்லியே கூப்பிடுகிற பெண், தெருவே அதைப் பேசும். கதவைத் திறந்தாள். கூப்பிட வாயெடுத்தாள்.

"யாருங்க வேணும்?" என்றாள்.

இவ்வளவு நேரம் கேட்டீர்களே... கதையில் அவர் பெயர் மட்டும் வரவில்லை, கவனித்தீர்களா?

நான் சொல்லாமல் விடவில்லை. நாலு தடவை சொல்லியாகிவிட்டது.